டவுன் பஸ்ஸில் ஒரு ஜெபம்

இன்று சாயங்காலம் முதலிபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் எங்கள் பனியன் கம்பெனி டெய்லர் கவிதா. வருஷம் தவறாமல் பழனிக்கு நடக்கிறவள். நாளை அவள் கணவருக்கு இதயத்தில் ஆபரேஷன்.

திடீரென்று என் கையைப் பிடித்தாள். "அக்கா, உங்க சாமிகிட்ட எங்க ஊட்டுக்காரருக்காக ஒரு வார்த்த சொல்லுங்க."

அந்தக் கூட்டத்துக்கு நடுவே, அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஜெபித்தேன். முடித்தபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பக்கத்துல இருக்கறவங்ககிட்டப் பேசற மாதிரியே பேசறீங்க. அவரு கேப்பாருங்களா?"

"கேப்பாரு கண்ணு. கைக்குழந்தையோட நான் தனியா நின்னப்ப இயேசுதான் கூட இருந்தாரு" என்று என் கதையைச் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

"இதெல்லாம் கேட்டு வளந்த உங்க பொண்ணு குடுத்து வெச்சவங்க்கா."

பெங்களூரில் இருக்கும் என் மகள் சர்ச்சுக்குப் போவதை விட்டுப் பல வருஷமாகிறது. போனில் இயேசு என்று தொடங்கினாலே, "அம்மா, வேற பேசலாமே" என்பாள். இன்று கவிதா கேட்டதைப்போல அவள் ஒரே ஒரு நாள் கேட்டால் போதும்.

இதையும் கவிதாவிடம் சொன்னேன். இறங்கும்போது சொன்னாள்.

"கவலப்படாதீங்க்கா. பாப்பா மறுபடி சர்ச்சுக்கு வரோணும்னு நான் முருகன்கிட்ட வேண்டிக்கறனுங்க."

"சரி கண்ணு" என்றேன். எங்கள் பாஸ்டருக்குத் தெரிய வேண்டாம். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?