பாய்லர் ஷாப் அப்பாவுக்கு ஒரு வூஃபர்

என் மனைவி எலிசபெத்தைப் பற்றி நானே எழுதினால் பெண்டாட்டி புராணம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஹப்சிகுடாவில் எங்கள் தெருவில் யார் வீட்டு டேப் ரிக்கார்டர் மக்கர் செய்தாலும் அவளிடம்தான் வரும். என்னிடம் கொடுத்தால் நான் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டுவேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். நான் ரயில்வேயில் குமாஸ்தா. அவள் மத்திய அரசின் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஒன்றில், சோதனைப் பிரிவில் டெக்னீஷியன். வெள்ளைக் கோட்டு, ரப்பர் செருப்பு, ஏ.சி. ஹால். ஊசி விழுந்தால் கேட்கும்.

என் மாமனாருக்கு அதுதான் ஒத்துக்கொள்ளாது. ஆரோக்கியசாமி என்று பெயர். லாலாகுடா ரயில்வே பட்டறையில் நீராவி என்ஜின்களின் பாய்லரில் ரிவெட் ஆணி அடித்தே தலை நரைத்தவர். பாய்லருக்குள் ஒருவர் உட்கார்ந்து ஆணியைத் தாங்கிப் பிடிக்க, வெளியிலிருந்து இன்னொருவர் அடிக்க வேண்டும். அந்த ஷாப்பில் வேலை பார்த்த யாருக்கும் காது முழுசாக மிஞ்சியதில்லை. அவர்கள் நாலு பேர் நின்று சாதாரணமாகப் பேசினாலே தெரு சனம் சண்டையோ என்று எட்டிப் பார்க்கும். சத்தம் வராத வேலை வேலையே இல்லை என்பது மாமனாரின் சித்தாந்தம். மகள் பார்ப்பது "ஒயர் ஒட்டுற வேலை". சின்ன மகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "மாப்பிள்ளை ரயில்வேல இருக்காரு" என்று என் உத்தியோகத்தைச் சொல்வார்.

எலிசபெத் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவாள். ஆனால் அது அவளுக்கு உள்ளே முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். தான் செய்த வேலை ஒரு தடவையாவது அப்பாவின் காதில் விழ வேண்டும் என்று ஏங்கினாள்.

1986-ல் பழைய ஃபியட் கார் ஒன்று வாங்கினோம். துபாயிலிருந்து வந்த என் நண்பன் ஜகதீசன் அதற்கு ஓர் ஆம்ப்ளிஃபயரைப் பரிசாகக் கொடுத்தான். அதோடு சேர வேண்டிய வூஃபர், அதாவது அடிச்சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர், கனம் என்பதால் கொண்டுவரவில்லையாம். ஆம்ப்ளிஃபயர் பல மாதம் அலமாரியில் தூங்கியது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது மாமனார் பின் சீட்டில் உட்கார்ந்து வருவார். எங்கள் கோயில் திருவிழாத் தேர்பவனியில் வாசித்த பேண்டு செட்டின் கேசட்டை எலிசபெத் போடுவாள். ஒரு காலத்தில் அந்த பேண்டுக்கு முன்னால் நடந்து போன மனுஷர் இப்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவார். ஒரு நாள் மெட்டுகுடா ரயில் பாலத்தின் அடியில் போகிறோம், மேலே வண்டி ஒன்று தடதடத்தது. மாமனார் சட்டென்று நிமிர்ந்து, "கூட்ஸா?" என்றார்.

எலிசபெத் என் பக்கம் திரும்பினாள். "கீச்சுச் சத்தம்தாங்க அப்பாவுக்குப் போயிருக்கு. அடிச்சத்தம் இன்னும் இருக்கு. இந்தச் சின்ன ஸ்பீக்கர்ல அது வராது, அதான் கேக்கல."

அன்று மாலையே ஆம்ப்ளிஃபயர் அலமாரியை விட்டு இறங்கியது.

வூஃபர் வாங்கக் கோட்டி கடைத்தெருவுக்குக் கிளம்பியபோது மாமனாரும் செருப்பை மாட்டிக்கொண்டார். வேண்டாம் என்று யார் சொல்வது? கடையில் பாய் வரிசையாக எடுத்து வைத்தார். எலிசபெத் ஒவ்வொன்றையும் திருப்பி, பின்னால் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். மாமனாரோ ஒவ்வொன்றையும் பூசணிக்காய் வாங்குகிறவர் மாதிரி தூக்கிப் பார்த்தார். பாய்லர் ஷாப் சட்டப்படி கனமாக இருப்பதே நல்ல சாமான். கடையிலேயே பெரியதாக, பதினைந்து அங்குலத்தில் ஒன்று இருந்தது. அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "இதாண்டி சாமான்" என்றார்.

"ஹவ், சாச்சா பராபர் போல்ரே" என்று பாயும் ஒத்து ஊதினார். "கைக்கு சோச்ரே பேட்டி?" என்று, இனி என்ன யோசனை என்பதுபோல எலிசபெத்தைக் கேட்டார்.

எலிசபெத் அவர் தோளில் இருந்ததன் சீட்டையும் படித்தாள். அது கல்யாண மண்டபத்துக்கான எட்டு ஓம் ஸ்பீக்கர். எங்கள் ஆம்ப்ளிஃபயர் தன் முழு பலத்தையும் தள்ளுவது நாலு ஓம் வூஃபரில்தான். எட்டு ஓமில் அந்தப் பலத்தில் பாதியைத்தான் தள்ளும். அதுவுமில்லாமல் அவ்வளவு பெரிய ஸ்பீக்கருக்கு வேண்டிய பெட்டி ஃபியட்டின் டிக்கியில் அடங்காது. இதெல்லாம் அவளுக்கு அங்கேயே தெரியும். ஆனால் அவள் வேலையில் அப்பா கை வைத்தது அதுதான் முதல் தடவை. அதைக் கெடுக்க மனசு வரவில்லை. வாங்கிவிட்டாள்.

டிக்கியில் அதைத் திணித்து, கேசட்டைப் போட்டோம். யானைப் பசிக்குச் சோளப்பொரி. மாமனார் சீட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"ஒண்ணும் வரலியே, உன் ஃபேக்டரி மாதிரியே இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் எலிசபெத் கொதித்துப் போனாள். கோபம் அப்பா மேல் இல்லை. "தெரிஞ்சே வாங்கினேன். ஃபேக்டரியில இப்படி ஒரு பீஸை பாஸ் பண்ணியிருந்தா மெமோ கொடுத்திருப்பாங்க. அப்பாங்கறதுக்காக விட்டுட்டேன் பாருங்க" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை மல்ட்டிமீட்டரைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அந்தப் பூதத்தைச் சுமந்துகொண்டு நான் பின்னால் போனேன். பாய் மாற்றித் தர ஒத்துக்கொண்டார், நல்ல மனுஷர். அதன்பின் நான் பார்த்த எலிசபெத்தை வீட்டில் பார்த்ததே இல்லை. காயிலில் மீட்டரை வைத்தாள். நாலு ஓம் வூஃபர் என்றால் மீட்டர் நாலுக்குச் சற்றுக் கீழே காட்டுமாம். ஓரத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று தடவினாள். கூம்பை விரல்களால் மெல்ல அமுக்கி, உள்ளே எங்காவது உரசுகிறதா என்று காதைக் கொடுத்தாள். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருந்த வாட் எண்ணை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது ஒரு நொடி தாங்கற கணக்கு பாய். விடாம பாடினா எவ்வளவு தாங்கும்?" என்று கேட்டாள். பாய் இன்னொன்றை நீட்டினால், "நக்கோ பாய்" என்று வேண்டாமெனத் தள்ளிவிடுவாள். கடைசியில் பத்து அங்குல வூஃபர் ஒன்று தேறியது. ஆம்ப்ளிஃபயர் விடாமல் தரும் பலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தாங்கக்கூடியது. எனக்கு அது சோனியாகத்தான் தெரிந்தது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பெட்டிக்கு அவளே அளவு போட்டு, தார்நாக்கா தச்சரிடம் தடிமனான பிளைவுட்டில் செய்து வாங்கினாள். காற்று கசியாமல் மூலைகளையெல்லாம் மக்கு வைத்து அடைத்தாள். மாமனாரிடம் மூச்சு விடவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து கிளம்பினோம். கேசட் ஓடியது. பேண்டின் பெரிய மேளம் ஒரு அடி விழுந்தது. மாமனார் சீட்டை விட்டு எழும்பினார்.

"நிறுத்துங்க மாப்பிள்ளை, டயர் வெடிச்சிருச்சு."

நான் ஓரங்கட்டினேன். வண்டி நின்ற பிறகும் மேளம் விழுந்துகொண்டே இருந்தது. அவர் முதுகைச் சீட்டில் நன்றாக அழுத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவர் விரல்கள் தொடையில் அடி போட ஆரம்பித்தன. "நம்ம தேர் பேண்டு" என்றார் மெதுவாக. அந்த மனுஷர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான். பிறகு, "பட்டறை கேட்டுக்கு விடுங்க" என்றார்.

பட்டறை கேட்டுக்கு எதிரே டீக்கடையில் ஞாயிறுதோறும் பாய்லர் ஷாப் கிழவர்கள் கூடுவார்கள். மாமனார் இறங்கி, குணசேகரனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து தன் இடத்தில் உட்கார வைத்தார். பாய்லருக்குள் உட்கார்ந்து இவருக்கு ஆணி தாங்கிப் பிடித்த கூட்டாளி அவர்; காது இவரைவிட மோசம். குணசேகரன் முதலில் பேந்தப் பேந்த விழித்தார். பிறகு அவர் தலை ஆடியது.

"ஆரோக்கியம், கேக்குதுடா. பெரிய மேளம் கேக்குது."

மற்றவர்களும் வந்து மொய்த்துக்கொண்டார்கள். ஃபியட் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "யாருடா செஞ்சது?" என்று ஒருவர் கத்தினார்.

"எம் பொண்ணு" என்று மாமனார் டீக்கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். "சின்னவ, எலிசபெத்து. எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில டெக்னீசியன்."

எலிசபெத் விருட்டென்று இறங்கி முன்னால் போய், பானெட்டைத் திறந்து குனிந்துகொண்டாள். ஆம்ப்ளிஃபயரும் வூஃபரும் இருந்தது டிக்கியில். நான் போய் அவள் பக்கத்தில் நின்று, நானும் என்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.