நஜீஹா சொன்னால் கார்டு வரும்

"ஃபோனை மேசையில வைங்க. அந்தக் கவரையும் வைங்க. இப்பச் சும்மா பேசுங்க, லீவுக்கு எப்பப் போறீக?"

எதிரே உட்கார்ந்திருப்பவர் சம்பளச் சான்றிதழ், எமிரேட்ஸ் அடையாள அட்டை நகல், பாஸ்போர்ட் நகல் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெண் வீட்டார் ஜாதகம் நீட்டுவதுபோல் நீட்டிக்கொண்டிருப்பார். நஜீஹா அதைத் தொடவே மாட்டார். "காகிதம் எங்கயும் ஓடிறாது. நீங்கதான் ஓடுற ஆளான்னு பாக்கணும்" என்பார். சிரிக்காமல்தான் சொல்வார். கேட்டவர்தான் சிரித்துவைப்பார்.

துபாய் சத்வாவில், தையல்கடைகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கிற தெருவில் எனக்கொரு டைப்பிங் சென்டர். விசாவுக்கும் வாடகை ஒப்பந்தத்துக்கும் விண்ணப்பம் தட்டிக்கொடுக்கிற சின்னக் கடை. வருகிறவர்கள் உட்கார இரண்டு நாற்காலிதான் போட்டிருக்கிறேன். அதில் ஒன்று நஜீஹாவுடையது. யார் கொடுத்தது என்று கேட்காதீர்கள். ஒரு கோடையில், வெயில் தாங்காமல் ஏ.சி. காற்று வாங்கிப் போகிறேன் என்று உட்கார்ந்தார். அவ்வளவுதான், இன்றுவரை எழுந்திருக்கவில்லை. என் வாடிக்கையாளர்கள் நிற்கிறார்களே என்று முறைத்தால், "நிக்கிறவுக வேலையை முடிச்சுக்கிட்டுச் சட்டுனு கிளம்பிருவாக. உங்களுக்கு நல்லதுதானே சேது அண்ணே" என்று எனக்கே கணக்குச் சொல்லிக்கொடுப்பார்.

அவருடைய வேலை, ஒரு வங்கியின் கிரெடிட் கார்டுக்கு ஆள் பிடிப்பது. கமிஷன்தான் முக்கியம். கார்டு கிடைத்தால் இவருக்குக் காசு, மறுத்தால் ஒன்றும் கிடையாது. ஊர் கீழக்கரை. கணவர் தேராவில் ஒரு கார்கோ ஆபீசில் இருக்கிறார். மகள் மின்ஹா மதுரையில் கல்லூரி விடுதியில். அபாயா என்கிற கறுப்பு அங்கிக்குக் கீழே, ஓடுகிறவர்கள் போடுகிற பெரிய வெள்ளை ஷூ. பர் துபாயில் ஜவுளிக்கடை, கராமாவில் சலூன், அல்கூஸில் கிடங்கு என்று காலையெல்லாம் அலைந்துவிட்டு, மத்தியானம் என் கடைக்கு வந்து, ஷூவைக் கழற்றி, கால்விரல்களை மடக்கி நீட்டி, பால் விடாத ஒரு சுலைமானி டீக்குச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த ஆளைப் பார்ப்பார். சுலைமானிக்கான காசு பெரும்பாலும் என்னுடையது.

அவருடைய கேள்விகளில் சம்பளம் எவ்வளவு என்பது கடைசியில்தான் வரும். "மாசக் கடைசியில யாருகிட்டக் கைமாத்து வாங்குவீக?" என்பது முதலில் வரும். "நானா? யார்கிட்டயும் வாங்குறதில்லையே" என்று பட்டென்று சொல்பவரைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்ப்பார். "எங்க ரூம்ல பக்கத்து பெட்டுக்காரன்ட்டத்தான். பத்தாந்தேதி குடுத்துருவேன்" என்று வழிகிறவரை அவருக்குப் பிடித்துவிடும். திருப்பிக் கொடுக்கிற தேதி தெரிந்திருக்கிறதே, அது போதும் அவருக்கு.

இப்படிப் பத்து நிமிஷம் கிண்டிவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். நல்ல வார்த்தை என்றால், "போய் நிம்மதியாத் தூங்குங்க, வந்துரும்." வந்துவிடும். எனக்குத் தெரிந்து வராமல் போனது ஒரே ஒரு தடவை. அதைப் பற்றிக் கேட்டால், "அது பேங்கு பண்ணுன தப்பு. அவனுக்குத்தான் நட்டம்" என்று இன்றைக்கும் சாதிப்பார்.

கெட்ட வார்த்தை, "மாஃபி." அரபியில் இல்லை என்று அர்த்தம், இங்கே எல்லோருக்கும் தெரிந்த சொல். அத்தர் கடை ஹஸ்னைனுக்கு அதுதான் கிடைத்தது. அவரை நஜீஹா ஊர் வழக்கப்படி 'காக்கா', அதாவது அண்ணன், என்பார். நல்ல சம்பளம், ஆனால் முதலாளி கையில் எண்ணிக் கொடுப்பது. "உங்க முதலாளி தங்கமான மனுசன் காக்கா, நான் இல்லைன்னு சொல்லலை. பேங்குக்கு அவரைத் தெரியாதே. சம்பளம் அக்கவுண்டுல விழட்டும், ஆறு மாசம் கழிச்சு வாங்க. இப்ப மாஃபி." ஹஸ்னைன் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். ஆறு மாதம் கழித்து வந்தார், கார்டும் வாங்கினார், ஒரு சின்ன அத்தர் குப்பியும் கொண்டுவந்து கொடுத்தார்.

இன்னொரு ரகமும் உண்டு. கண்ணாடிக் கடையில் விற்பனை வேலை பார்க்கிற மணிமாறனைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "உங்களுக்கு பேங்குக்காரன் கண்ணை மூடிக்கிட்டுக் குடுப்பான். அதான் எனக்குப் பயமா இருக்கு. வேணாம் தம்பி" என்று திருப்பி அனுப்பிவிட்டார். வருகிற கமிஷனை வாசலோடு அனுப்புகிறாரே, பைத்தியமா இந்த அம்மாள் என்று எனக்குத் தோன்றியது. கேட்டேன். "உள்ள வரும்போதே புது ஃபோனு, புது வாட்சு, புது ஷூ. எல்லாம் ஒரே வாரத்துல வாங்குனது. அந்தப் பிள்ளைக்குக் கார்டு குடுத்தா கடன்ல மாட்டி, நாளைக்கு ஊருக்குப் போக முடியாம இங்கயே கெடக்கும். எனக்கெதுக்கு அந்தப் பாவம்?"

அழகுமலை வந்தது ஒரு மாதக் கடைசியில். பரமக்குடிப் பக்கத்துப் பையன், ஏ.சி. மெக்கானிக்காக வந்து சூப்பர்வைசர் ஆனவன். பல வருஷம் லேபர் கேம்பிலும் பகிர்வு அறையிலும் காலம் தள்ளியவன், போன வருடம்தான் மனைவி மீனாம்பாளையும் மகளையும் அழைத்துவந்து அல் நஹ்தாவில் ஒற்றை அறை ஃபிளாட் எடுத்திருந்தான். குடும்ப விசா தட்டிக்கொடுத்தது நான்தான். அன்றைக்கு அவன் சிரித்த சிரிப்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது. இப்போது வந்தபோது அந்த முகம் இல்லை. மகளுடைய பள்ளிக்கூடத்தில் புது வருஷக் கட்டணத்தை மொத்தமாகக் கேட்டுவிட்டார்கள். கிரெடிட் கார்டில் கட்டினால் மாதாமாதம் பிரித்துக் கட்டலாம். அடுத்த வாரம் வியாழக்கிழமைக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும். இடம் போனால் தாயும் பிள்ளையும் ஊருக்குத்தான்.

"கார்டு கிடைச்சா என் பிள்ளை இங்க படிக்கும்க்கா. இல்லைன்னா மறுபடி நான் தனியாளு" என்றான். பிளாஸ்டிக் உறையை மேசையில் வைத்தான்.

நஜீஹா வழக்கம்போல் ஆரம்பித்தார். கைமாற்று, லீவு, வேலைக்குச் சேர்ந்து எத்தனை வருஷம். எல்லாம் நல்ல பதில். சம்பளம் வங்கியில் விழுகிறது, கம்பெனி பெரிது. "போய் நிம்மதியாத் தூங்குங்க" வரப்போகிறது என்று நான் வேறு வேலையில் திரும்பினேன். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"தம்பி, முன்னால இருந்த ரூம்ல நெட்டு யாரு பேருல இருந்துச்சு?"

"என் பேருலதான்க்கா."

"அங்கருந்து வந்தப்ப கட் பண்ணுனீகளா?"

"இல்லையே. பசங்க பாத்துக்கிட்டிருந்தாங்களே."

நஜீஹா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "அல்லாஹ்வே!"

வளைகுடாவில் பகிர்வு அறையில் இருந்தவர்களுக்கு இது புரியும். அறைக்கு எட்டுப் பேர். இன்டர்நெட் வேண்டும். யாருக்கு நிரந்தர வேலையோ அவன் பேரில் எடுப்பார்கள், மாதம் பிறந்தால் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டுவார்கள். அவன் அறை மாறிப் போனாலும் இணைப்பு அவன் பேரிலேயே ஓடும். நண்பனுடைய நெட்டைப் போய்க் கட் பண்ணுவதா, என்ன மனுஷன் இவன் என்று நினைக்க மாட்டார்களா? அழகுமலையும் அதைத்தான் நினைத்தான். அறையைப் பார்த்துக்கொண்ட சுரேஷ்குமார் விசா கேன்சல் ஆகி ஊருக்குப் போனான். மீதிப் பேர் சிதறினார்கள். பில் மட்டும் போகவில்லை, கட்ட ஆளில்லாமல் இவன் பேரில் ஏறிக்கொண்டே இருந்தது.

அவன் ஃபோனிலேயே பார்த்தார்கள். இந்த நாட்டில் ஒவ்வொருவர் கடன் ஒழுங்குக்கும் ஒரு ஸ்கோர் உண்டு. கட்டாத ஃபோன் பில், நெட் பில்கூட அதைப் பிடித்துக் கீழே இழுக்கும். அழகுமலையின் ஸ்கோர் படுத்துக் கிடந்தது.

"அது ரூம் நெட்டுக்கா! அங்கருந்து வந்தப்புறம் நான் ஒரு நாளாச்சும் பார்த்திருப்பேனா அதுல?" என்றான் அழகுமலை.

"பேங்குக்கு அதெல்லாம் தெரியுமா? இன்னைக்கே போய்க் கட்டி, பாக்கி இல்லைன்னு எழுதி வாங்குங்க. ஸ்கோரு ஏற ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் எந்தப் பேங்குலயும் மனுப் போடக் கூடாது. வியாழக்கிழமை காலையில நான் போடுறேன். சரின்னு வந்தா கார்டு நம்பரும் அன்னைக்கே ஃபோனுக்கு வந்துரும், ராத்திரிக்குள்ள ஆன்லைன்ல ஃபீஸைக் கட்டிறலாம்."

"வியாழக்கிழமைதானேக்கா கடைசி நாளு! அன்னைக்கு இல்லைன்னு வந்துட்டா?"

"வராது."

எனக்கே கோபம் வந்தது. "நஜீஹா, இப்பவே போட்டுத்தான் பாரும்மா. வந்தா வருது, வராட்டிப் போகுது" என்றேன்.

"உங்க வேலையைப் பாருங்க அண்ணே" என்றார் என் கடையில் உட்கார்ந்துகொண்டு. "வராட்டிப் போகாது. ஒவ்வொரு மனுவும் ஸ்கோருல ஒரு தடம். இன்னைக்கு மாட்டேன்னுட்டா வியாழக்கிழமையும் மாட்டான்."

அழகுமலை எழுந்துவிட்டான். வேறு ஓர் ஏஜென்ட் ஒரே நாளில் நான்கு வங்கியில் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறானாம். உறையைக் கையில் எடுத்துக் கதவுவரை போய்விட்டான். அந்த நேரம் பார்த்து நஜீஹாவின் ஃபோன் அடித்தது. மேலதிகாரி ரோஹித். ஷூ மாட்டிக்கொண்டிருந்த நஜீஹா ஸ்பீக்கரில் போட்டார். நாளையோடு மாதம் முடிகிறது, டார்கெட்டுக்கு ஒரு ஃபைல் குறைகிறது, கையில் எதுவோ அதை அனுப்பு என்று அந்த ஆள் இந்தியில் பொரிந்தான். வங்கி மறுத்தால் மறுக்கட்டும், எண்ணிக்கை வந்தால் போதும் என்றான்.

"ஃபைல் இருக்கு ரோஹித் பாய். இப்பத் தர மாட்டேன்" என்று நஜீஹாவும் இந்தியிலேயே சொன்னார். "கியூன், ஏன்?" என்று அவன் கத்தினான். "ஒரு சின்னப் பிள்ளையோட படிப்பு இதுல இருக்கு. கலாஸ், பேச்சு முடிஞ்சது." வைத்துவிட்டார்.

இந்தி தெரியாதவன் இங்கே யார்? அழகுமலை கதவில் வைத்த கையை எடுத்தான். திரும்பி வந்து, உறையை மேசையில் வைத்துவிட்டு, "வியாழக்கிழமை எத்தனை மணிக்குக்கா வரணும்?" என்றான்.

டார்கெட்டை எட்டினால் வருகிற இன்சென்டிவ் அந்த மாதம் நஜீஹாவுக்குக் கிடைக்காமல் போயிற்று. பெருந்தன்மையாகச் சும்மா இருந்தார் என்று எழுத ஆசைதான். கிடையாது. ஒரு வாரம் முழுக்க என் காது புளிக்கப் புலம்பினார். ரோஹித்தைத் திட்டினார், சுரேஷ்குமாரைத் திட்டினார், நெட்டைக் கண்டுபிடித்தவனையும் விடவில்லை. நடுநடுவே அழகுமலைக்கு ஃபோன் போட்டு, "பில்லைக் கட்டுனீகளா? வேற எவன்ட்டயும் கையெழுத்துப் போட்டுக் குடுக்கலையே?" என்று விசாரித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையில் மனுப் போட்டார். மத்தியானம்வரை பதில் இல்லை. வழக்கமாகப் போட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போகிறவர், அன்று நாற்காலியை விட்டு நகரவில்லை. சுலைமானி ஆறிக் கிடந்தது. நான்கு மணிக்கு மேல் அழகுமலை வந்தான். கூடவே மீனாம்பாள், மகள், பின்னால் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. பெட்டியைச் சுற்றி நீல நைலான் கயிறு குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிக் கட்டி, மேலே தடித்த மார்க்கரில் 'மீனாம்பாள், மதுரை' என்று எழுதியிருந்தது. விடிகாலை விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டான். பெட்டியை மட்டும் முன்கூட்டி கார்கோவில் கொடுக்கப் போகிற வழியில் வந்திருந்தார்கள்.

நஜீஹாவுக்கு வந்ததே கோபம்! "டிக்கெட்டா? யாரு போடச் சொன்னா? நான் வரும்னு சொன்னேனா இல்லையா?"

"இவரு ராத்திரியெல்லாம் தூங்கலைக்கா" என்றாள் மீனாம்பாள் மெதுவாக. "ஒருவேளை வரலைன்னா, பிள்ளைக்கு அங்கயாச்சும் ஒரு பள்ளிக்கூடம் பாக்கணும்ல."

"வரலைன்னாவா? வரும். உட்காருங்க." தன் நாற்காலியை எழுந்து கொடுத்தார். நான்கு வருஷத்தில் அதை யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை. மீனாம்பாள் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தப் பிள்ளை, "அம்மா, எங்க மிஸ்ஸுக்கு பை சொல்லவே இல்ல" என்று தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் கம்ப்யூட்டரில் ஒருவருடைய பிறந்த தேதியை மூன்று தடவை தப்பாகத் தட்டினேன்.

ஐந்தரைக்கு அழகுமலையின் ஃபோன் சிணுங்கிற்று. எடுத்தான். பார்க்கத் தைரியம் வரவில்லை. அப்படியே நஜீஹாவிடம் நீட்டினான்.

நஜீஹா வாங்கினார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு படித்தார். ஒரு தடவை படித்துவிட்டு மறுபடியும் மேலிருந்து படித்தார். மீனாம்பாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபோனை அழகுமலையின் கையில் திணித்துவிட்டு, என் மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய், பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டு, அந்த நீலக் கயிற்றை ஒவ்வொரு முடிச்சாக வெட்டத் தொடங்கினார்.