தவளையின் சாப்பாடு

அந்த விளையாட்டுப் பெட்டியை வாங்கியது நான்தான். யானைக்கவுனியில் பொம்மைகளை மொத்த விலைக்கு விற்கும் ஒரு சந்தில், அக்கா மகளின் நான்காவது பிறந்தநாளுக்காக. உள்ளங்கை அளவுதான் இருக்கும். சின்னத் திரையில் மழைக்கோட்டு போட்ட ஒரு பச்சைத் தவளை. டிவியில் காலை நேரத்தில் வரும் கார்ட்டூன் அது. பொத்தானை அழுத்தினால் தவளை வாயைத் திறக்கும். மேலிருந்து விழும் வட்டப் பூச்சிகளை விழுங்கும். ஒவ்வொன்றையும் விழுங்கும்போது 'களக்' என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே அவள் மணிக்கணக்கில் விளையாடினாள்.

பெட்டியின் பின்பக்கம் ஒரு சிறிய மூடி, அதை இறுக்க ஒரே ஒரு திருகு. உள்ளே இரண்டு வட்ட பேட்டரிகள், ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் நாணயம் அளவு. அக்கா குடும்பமும் நானும் சேர்ந்து இருக்கும் வீடு திருவொற்றியூரில், கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி. உப்புக் காற்றில் இரண்டே மாதத்தில் திருகு துருப்பிடித்தது, உள்ளே தகடுகளில் பச்சைக் களிம்பு படிந்தது. வாரம் ஒருமுறை திறந்து சுரண்ட வேண்டியிருந்ததால் திருகை எடுத்து எறிந்துவிட்டு மூடியின் மேல் டேப் ஒட்டினேன். நான் கருவியியல் டிப்ளமோ படித்தவள். மணலியில் ஒரு தொழிற்சாலையில் வாயுக் கசிவைக் காட்டும் மீட்டர்களைச் சரிபார்ப்பது என் வேலை. குழந்தைகளின் சாமானில் அந்தத் திருகை எதற்காக வைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எடுத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். முதல்முறை பேட்டரி மாற்றியபோது குழந்தை என் மடியில் உட்கார்ந்திருந்தாள்.

"இது இன்னா சித்தி?"

"தவளையோட சாப்பாடு."

"பசிச்சா இத துன்னுமா?"

"ஆமா. துன்னாத்தான் ஆடும்."

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. நாற்றம் வந்தால் என்னிடம் கேட்பார்கள். காலையில் காற்று மேற்கிலிருந்து, மணலிப் பக்கமிருந்து வரும். சில நாட்களில் அதோடு வேறு எதுவோ சேர்ந்து வரும். தெருவே இருமும், கண் எரியும். மதியம் கடல்காற்று வந்ததும் விலகிவிடும். நான் ஒரு நோட்டு வைத்திருந்தேன். தேதி, நேரம், காற்றின் திசை, எது மாதிரி நாற்றம், யார் யாருக்கு என்ன செய்தது, எப்போது போனது. ஆறு கட்டங்கள். நான் சொல்வது பெரும்பாலும் சரியாக இருந்ததால், யாராவது இருமினால்கூட டாக்டருக்கு முன்னால் என்னைக் கேட்கும் அளவுக்கு வந்திருந்தது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. விளையாட்டுப் பெட்டி மங்கிப்போயிருந்தது. அக்கா டேப்பை உரித்து பேட்டரிகளை எடுத்து, எவர்சில்வர் தட்டில் போட்டு வாசற்படியில் வெயிலில் வைத்தாள். டார்ச் பேட்டரியை அப்படித்தான் எங்கள் வீட்டில் வைப்பார்கள்.

"இது வெயில்ல ஏறாதுக்கா."

"ஆமா, எது நடக்கும்னு நீ ஒத்துக்கினு கீற? இது நடக்காது, அது நடக்காது. போய் உன் துணிய அலசு."

சிரித்துக்கொண்டே போனேன். அப்போது பத்தரை மணி.

பதினொரு மணிக்கு நாற்றம் வந்தது. காய்ந்த வெங்காயமும் தாரும் கலந்தது மாதிரி, தொண்டையில் உட்காரும் வகை. எதிர்வீட்டு அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, உங்க ஆளுங்க இன்னிக்கி இன்னா சமைக்கிறானுங்க?"

"ஞாயித்துக்கிழமை ஸ்பெஷல்," என்றேன். அவர் இருமலுக்கு நடுவில் சிரித்தார்.

எல்லோரும் இருமினோம். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையும் இருமிக்கொண்டே உள்ளே வந்தாள். ஒருமுறை வாந்தி எடுத்தாள். வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. அக்கா பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

"இன்னாடி இது, இப்டி ஊத்துது?"

போன் வெளிச்சத்தில் குழந்தையின் வாய்க்குள் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. "கேஸ்தான்க்கா. தொண்டைய அரிக்குது. கடல்காத்து வந்தா சரியாயிடும்," என்றேன். ஜன்னல்களைச் சாத்தினோம். ஈரத் துணியால் அவள் முகத்தைத் துடைத்தோம். நோட்டில் எழுதினேன்: குழந்தை, இருமல், வாந்தி ஒன்று, எச்சில்.

ஒரு மணிக்குக் கடல்காற்று வந்தது. ஒன்றரைக்கு நாற்றம் சுத்தமாகப் போய்விட்டது. எதிர்வீட்டு அம்மா துணி காயப்போட மாடிக்கு ஏறினார். அக்கா ரசம் சோறு பிசைந்து ஊட்டினாள். குழந்தை வாயில் வாங்கி, அப்படியே வெளியே தள்ளினாள். அழக்கூட இல்லை. எச்சிலை விழுங்காமல் தட்டின் விளிம்பில் ஒழுகவிட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

என் வேலையில் முதலில் கற்றுக்கொடுப்பது இது: வாயு விலகிய பிறகும் மீட்டர் இறங்கவில்லை என்றால், அது காட்டிக்கொண்டிருப்பது அந்த வாயுவை அல்ல. இரண்டு மணிக்கு நான் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தேன். தெருவில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். இவள் மட்டும் இறங்கவில்லை.

அக்கா அவளுக்கு வேடிக்கை காட்ட அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தாள். மூடி திறந்திருந்தது. "இரு, பேட்டரி போட்டுத் தரேன்," என்று வாசலுக்குப் போனாள்.

"ஏய், இதுல ஒண்ணுதான்டி கீது."

நான் தட்டைப் பார்த்தேன். படியைப் பார்த்தேன். சாக்கடை ஓரம் பார்த்தேன். பிறகு குழந்தையின் முன்னால் உட்கார்ந்தேன்.

"தவளை சாப்பாடு எங்கம்மா?"

அவள் விரலால் தன் கழுத்தைத் தொட்டாள்.

விளையாட்டை ஓட்டப் போதாத மின்சாரம் தொண்டையைச் சுடப் போதும். ஈரத்தில் பட்டதும் பேட்டரி வேலை செய்யத் தொடங்கிவிடும். இதெல்லாம் எனக்குப் பாடமாகவே தெரியும். எங்கள் தொழிற்சாலை முதலுதவி அறையின் நர்ஸுக்கு போன் செய்தேன். தேன் இருந்தால் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டு ஸ்பூன், வேறு எதுவும் வேண்டாம், வாந்தி எடுக்க வைக்காதே, உடனே பெரிய ஆஸ்பத்திரி என்றார். அக்காவின் கணவர் டிரெய்லர் ஓட்டுபவர், அன்று ஓசூரில் இருந்தார். ஆட்டோவில் நாங்கள் மூவர் மட்டும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. ஆட்டோக்காரர் இடுக்கில் வண்டியை நுழைத்து நுழைத்து ஓட்டினார். நான் போனில் நேரம் பார்த்துத் தேன் கொடுத்தேன். பாதி உள்ளே போனது, பாதி என் கையில் வழிந்தது.

ராயபுரம் தாண்டி அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சுக்கு மேலே ஒரு வெள்ளை வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம். நாணயமாக இருந்தால் ஒரு வட்டம்தான் இருக்கும் என்றார் டாக்டர். அவருக்கும் என் வயதுதான் இருக்கும்.

"எத்தனை மணிக்கு முழுங்கினா?"

"பதினொண்ணு இருக்கும்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று பத்து. "இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"கேஸ்னு நெனச்சோம்," என்றாள் அக்கா.

"நாங்க நெனைக்கல. நான் சொன்னேன்," என்றேன். "மூடியோட திருகையும் நான்தான் எடுத்தேன்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தையின் கால் செருப்பைக் கழற்றி, இரண்டையும் சேர்த்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள்.

குழாய் விட்டு எடுத்தார்கள். எடுத்ததை ஒரு சின்னக் கிண்ணத்தில் காட்டினார்கள். ஒரு பக்கம் கரியாக இருந்தது. டாக்டர் சொன்னதை வரிசையாக எழுதிக்கொண்டேன். எடுத்துவிட்டாலும் சுட்ட இடம் இன்னும் சில நாள் ஆழமாகிக்கொண்டே போகலாம். பக்கத்திலேயே பெரிய ரத்தக்குழாய் இருக்கிறது. வாந்தியில் ஒரு சொட்டு ரத்தம், மலம் கறுப்பாக, காய்ச்சல், திடீரென்று இருமல், எது வந்தாலும் அந்த நிமிஷமே வரவேண்டும். மூன்று நான்கு வாரம் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மூக்கில் குழாயோடு பத்து நாள் அங்கே இருந்தாள். பிறகு வீடு. அந்தப் பட்டியலை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அக்கா என்னோடு தேவையானதை மட்டும் பேசினாள். "கஞ்சி ஆறிடுச்சா?" "மாத்திர குடுத்தியா?" அவ்வளவுதான். குழந்தை துப்பிய ஒவ்வொரு எச்சிலையும் நாங்கள் இரண்டு பேரும் தனித்தனியாகப் பார்த்தோம். அவள் ஒருமுறை தும்மியபோது அக்கா கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது.

நான்காவது வாரம், வெள்ளை மருந்தைக் குடிக்க வைத்து, அது இறங்குவதை எக்ஸ்ரே திரையில் பார்க்கும் சோதனை. கூட ஒருவர்தான் உள்ளே வரலாம் என்றார்கள். அக்கா எழுந்திருக்கவில்லை.

"நீ போ," என்றாள். "பாத்தத அப்டியே வந்து சொல்லு. நான் பயப்படுவேன்னு எதையும் முழுங்கிடாத."

எக்ஸ்ரே படாமலிருக்கக் கொடுத்த கனமான கவசத்தை மாட்டிக்கொண்டு குழந்தையின் பக்கத்தில் நின்றேன். டம்ளரைப் பிடித்துக்கொண்டு அவள் என்னைப் பார்த்தாள். குடிக்கலாமா என்று என்னைத்தான் கேட்கிறாள் என்று புரிய ஒரு நொடி ஆனது. தலையசைத்தேன். வெள்ளைக் கோடு அகலமாக இறங்கியது. பாதி வழியில் நின்றது. நான் எண்ணத் தொடங்கினேன். ஏழு எண்ணியபோது நூல் மாதிரி மெலிந்து, ஒரு பக்கமாக ஒதுங்கி, மறுபடி இறங்கியது.

வெளியே வந்தேன். அக்கா எழுந்து நின்றிருந்தாள்.

"போகுதுக்கா. ஓட்டை இல்ல. ஒரு எடத்துல மட்டும் சுருங்கிகீது. அடுத்த மாசம் விரிச்சுப் பாக்கணும்னு சொல்றாங்க. ஒருவாட்டில முடியாதாம்."

"எவ்ளோ சுருங்கிகீது?"

கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று யோசித்து, கூட்டாமல் குறைக்காமல் காட்டினேன். அக்கா என் கையை மணிக்கட்டில் பிடித்து, அந்த இடைவெளி மாறாமல் தன் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.