குறையே இல்லை என்று எழுதியவன்

கல்முனைக்குடியில் அந்த வருடம் மடையர்களுக்குப் போட்டி வைத்திருந்தால் முதற்பரிசு எனக்குத்தான். வயது பதின்மூன்று, இங்கிலீசு தெரியும் என்ற நினைப்பு வேறு.

என் மூத்த சகோதரி, ராத்தாவுக்குக் கண்பார்வை கிடையாது. திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் ஒரு மென்பொருளை வைத்துத்தான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தாள். எங்கெங்கோ இருப்பவர்கள் கூடிச் செய்து, யாரும் எடுத்துப் பாவியுங்கள் என்று இணையத்தில் விட்டது அது. ஒரே வில்லங்கம், தமிழ் வரிக்கு நடுவே ஆங்கிலச் சொல் வந்தால் மிச்ச வரியை விழுங்கிவிடும். அவளுடைய பொருளியல் குறிப்பிலோ ஆங்கிலம் இல்லாத வரியைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

அதைப் பாவிப்பவர்களும் செய்பவர்களும் கதைத்துக்கொள்ள இணையத்தில் ஒரு மன்றம் இருந்தது. எல்லாம் ஆங்கிலம், ராத்தாவுக்கு அது அவ்வளவு ஓடாது.

“தம்பி, இந்தப் பிழைய விளங்கிற மாதிரி எழுதிப் போடு. சோதனைக்கு ஆறு மாசம்தான் இரிக்கி.”

எழுத உட்கார்ந்தேன். முந்திய கிழமைதான், பள்ளிவாசல் கந்தூரி விருந்தில் சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேராக இருந்து சாப்பிடும்போது, “சோத்துல உப்பில்ல” என்று சத்தமாகச் சொல்லி வாப்பாவிடம் தொடையில் கிள்ளு வாங்கியிருந்தேன். “சும்மா தாறதுக்குக் குறை செல்லுறயா?” தொடை இன்னும் நொந்துகொண்டிருந்தது. ஆகவே மரியாதையாக எழுதினேன்: மென்பொருள் மிகச் சிறப்பு, ஒரு குறையும் இல்லை, அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தருவானாக.

மறுநாளே அதைச் செய்பவர்களில் ஒரு பெண் நன்றி சொல்லி, தமிழில் பாவிப்பவர்களை அதிகம் தெரியாது, எங்கே தடுமாறுகிறது என்று சொல்வீர்களா எனக் கேட்டிருந்தார். கந்தூரியில் பரிமாறுபவர்கள் ‘இன்னும் கொஞ்சம் வைக்கவா’ என்று கேட்கும் உபசாரமாக்கும் என்று நினைத்து, “எல்லாம் போதும்” என்று பதில் போட்டேன்.

“பதில் வந்திச்சா?” என்று ராத்தா பின்னேரம்தோறும் கேட்பாள். சொன்னதைச் செய்யாத பயத்தில், “இன்னும் இல்ல” என்பேன்.

மூன்றாம் மாதம் புதிய பதிப்பு வந்தது. மற்ற மொழிக்காரர்கள் முறையிட்டதெல்லாம் திருந்தியிருந்தது. ராத்தா பொருளியல் குறிப்பைப் போட்டுக் கேட்டாள். ஐந்தாவது வரியிலேயே ஹெட்போனைக் கழற்றிவிட்டாள்.

பொருளியலில் தவறினாள். ஒலுவில் கெம்பஸில் பட்டம் படிப்பது அவளுக்கு இல்லாமலே போனது. அடுத்த வருடம் வேறு யாரோ அதே பிழையை அந்த மன்றத்தில் இரண்டு வரியில் எழுதிப்போட, பதினைந்து நாளில் திருத்திக் கொடுத்தார்கள்.

போன நோன்புப் பெருநாளன்றுதான் எல்லாவற்றையும் அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வந்தது. “சும்மா தந்த சாமானுக்குக் குறை செல்லக்கூடாதெண்டு நினைச்சன் ராத்தா.”

“அவங்க கேட்டதே குறையத்தானேடா.”