பந்தல் வாசலில் விட்ட ஷூ

தென்னேரி ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தும் எனக்கு நீச்சல் தெரியாது. ஏரியில் குதித்ததெல்லாம் பையன்கள்தான். பெண்பிள்ளைகள் கரையில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். கல்யாணமாகிக் காஞ்சிபுரம் வந்து, மகளுக்கு மூன்று வயதான பிறகு, ஒரு மாசி மாதத்தில் எனக்கு டிரையத்லான் ஆசை வந்தது. நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி முடிக்கிற பந்தயம். மூன்றில் முதலாவதே தெரியாத ஒருத்தி இதற்கு ஆசைப்படலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். பிறகு, யோசிப்பதற்குப் பதிலாகத் துணி துவைத்திருக்கலாமே என்று அதையும் யோசித்தேன்.

எல்லாம் முதுகுவலியில் ஆரம்பித்தது. பிரசவத்துக்குப் பிறகு நடக்கச் சொன்னார் டாக்டர். ஏனாத்தூர் சாலையில் நடந்தேன். நடை அலுத்துப்போய் ஒருநாள் ஓடினேன். வீட்டு மூலையில் என் கணவரின் கியர் சைக்கிள் தூசி படிந்து நின்றது, அதையும் எடுத்தேன். அந்தச் சமயத்தில்தான் ஊருக்கு வெளியே புறவழிச்சாலையில் டூயத்லான் நடக்கப்போவதாகச் செல்பேசியில் செய்தி வந்தது. ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், இருபது கிலோமீட்டர் சைக்கிள், மறுபடி இரண்டரை கிலோமீட்டர் ஓட்டம். இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். தண்ணீரே கிடையாது. எனக்காகவே வைத்த மாதிரி இருந்தது.

ஆனால் எங்களுடையது தறி வீடு. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் ஒரே ஆள் நெய்ய முடியாது. கரைக்கான நூல் வைத்த நாடாவை இழைகளுக்கிடையே எறிய இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அதைக் கோர்வை என்பார்கள். பள்ளிக்கூட வேலையை விட்டதிலிருந்து அந்தப் பக்கத்தில் உட்காருவது நான்தான். விடியற்காலையில் நான் ஓடப்போனால் என் இடத்தில் என் மாமியார் உட்கார வேண்டும். அத்தைக்குத் தோள்பட்டை வலி. அதை அவர் சொல்லமாட்டார், நாடாவைச் சற்றுப் பலமாக வைப்பார்.

ஒருநாள் காலை இட்லி ஊற்றிக்கொண்டே ஒப்பந்தம் போட்டார்.

"ஓடினா ஓடும்மா, யாரு வேணான்னது? ஆனா சும்மா ஓடிக்கினே இருக்கக் கூடாது. எங்கனா போய்ச் சேரணும்."

பேச்சு இப்படி முடிந்தது: டூயத்லானைச் சொன்ன நேரத்தில் முடித்தால் நீச்சலும் கற்றுக்கொள்ளலாம், கோடை முழுக்க அத்தை என் இடத்தில் உட்காருவார். முடிக்காவிட்டால் பங்குனியோடு ஓட்டம் சரி, காலையில் நான் தறிக்கு வந்துவிட வேண்டும். என் கணவர் சட்னியைப் பார்த்தபடி தலையாட்டினார். யாருக்கு ஆட்டினார் என்று இன்றுவரை கேட்கவில்லை.

அந்த இரண்டு மாதம் நான் மிகவும் பயந்தும் மிகவும் சந்தோஷமாகவும் இருந்தேன். எங்கள் தெருவில் சில காலைகளில் தறிக்கான பட்டு நூலைப் பாவாக நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். அதைத் தாண்டுவது கூடாது. அதனால் பாவு இருக்கும் நாளில் சைக்கிளைத் திருப்பிப் பின்தெரு வழியாகப் போவேன். குழாயடியில் ஒரு அம்மா தினமும் கேட்பார், "யாருமா தொரத்தறாங்க உன்ன?" சிரித்துவிட்டுப் போவேன். உள்ளுக்குள் அந்தக் கேள்வி கூடவே ஓடிவரும். மகள் எழுந்து தேடுவாளோ? காய்ச்சல் இருந்ததே, போகாமல் இருந்திருக்கலாமோ? கல்லூரிப் பேருந்துகள் உரசுகிற மாதிரி போகும்போது, எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவளுக்கு யார் தலை பின்னுவார்கள் என்று தோன்றும். அத்தை பின்னுவார், என்னைவிட நன்றாகவே. அது இன்னும் சங்கடமாக இருக்கும்.

நீச்சலுக்கு அனுமதி வரும் முன்பே பயிற்சி தொடங்கிவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குளியலறை அண்டாவில் முகத்தை முக்கி இருபது வரை எண்ணினேன். மூன்றாம் நாள் மகளும் பக்கத்தில் வந்து மூக்கை முக்கினாள். அன்றிலிருந்து பயிற்சி முடிந்ததும் அண்டாவைக் காலி செய்து கவிழ்த்து, கவிழ்த்திருக்கிறதா என்று இரண்டு முறை திரும்பிப் போய்ப் பார்ப்பேன்.

நேரத்தை மிச்சப்படுத்த ஒரு தந்திரமும் கற்றேன். ஷூவில் சாதா கயிற்றை எடுத்துவிட்டு எலாஸ்டிக் கயிறு கோத்துக்கொண்டேன். முடிச்சு வேண்டாம், குனிய வேண்டாம், ஷூ காலில் ஏறும், இறங்கும். ஒரே ஷூவில்தான் ஓடவும் மிதிக்கவும் போகிறேன், எனக்கு அது தேவையே இல்லை. இருந்தாலும் பெரிய வீராங்கனைகள் செய்கிறார்களாம்.

பந்தய நாள் ஞாயிறு. என்னைப் பார்ப்பதற்காகத் தறியை நிறுத்திவிட்டு வீட்டில் எல்லோரும் வருவதாகச் சொன்னார்கள். இருட்டு விலகும்போது பந்தயம் தொடங்கியது. முதல் ஐந்து கிலோமீட்டரை நான் நினைத்ததைவிட வேகமாக முடித்தேன். சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்துக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வருகிறாரென்று வாசலில் வாழைமரம் கட்டி, ஒரு மேசையில் பிள்ளையார் படம் வைத்து, குத்துவிளக்கும் ஏற்றியிருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களின் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. நான் மூச்சிரைக்க உள்ளே ஓடி, சைக்கிளை எடுத்து, தள்ளிக்கொண்டு மறுபக்கம் வெளியேறி மிதித்தேன். அரை கிலோமீட்டர் போன பிறகுதான் உள்ளங்காலில் பெடலின் பற்கள் குத்துவது உறைத்தது.

பந்தல், வாழைமரம், விளக்கு, படம். என் கால்கள் என்னைக் கேட்காமல் ஷூவை வாசலில் விட்டுவிட்டன. எலாஸ்டிக் கயிறு என்பதால் சத்தமே இல்லாமல் இறங்கியிருக்கிறது.

திரும்பலாமா? திரும்பினால் நேரம் போகும். திரும்பாவிட்டால் கால் போகும். இப்படி யோசித்து முடிப்பதற்குள் மூன்றாவது கிலோமீட்டர் பலகை வந்துவிட்டது, அதுவே முடிவாகிவிட்டது. என்னை முந்திப்போன ஒரு கல்லூரிப் பெண் திரும்பிப் பார்த்து, "அக்கா, ஷூ எங்கக்கா?" என்றாள். கோயிலில் விட்டுட்டேன் என்று சொன்னேன். அவள் என் காலை இன்னொரு முறை பார்த்துவிட்டு வேகமாக மிதித்தாள்.

இருபது கிலோமீட்டர் முடித்துப் பந்தலுக்குத் திரும்பி வாசலுக்கு ஓடினேன். எத்தனையோ செருப்புகள் கிடந்தன, என் பச்சை ஷூ மட்டும் இல்லை. மேசைக்கு அடியில் பார்த்தேன். வாழைமரத்துக்குப் பின்னால் பார்த்தேன். யாரோ ஒருவரின் ஷூவைக் கையில் எடுத்து, அளவு பார்த்து, வெட்கப்பட்டுக் கீழே வைத்தேன். கைக்கடிகாரத்தில் நான்கு நிமிடம் போயிருந்தது. அழுகை வந்தது. அதற்கும் நேரமில்லை. வெறுங்காலோடு ஓடினேன்.

வெயில் இன்னும் ஏறவில்லை, தார் சூடு பிடிக்கவில்லை. கோயில் பிரகாரங்களைச் சுற்றிச் சுற்றிப் பழகிய கால்தான். ஆனால் பிரகாரத்தில் ஜல்லி கிடக்காது. வளைவில் ஒரு புளியமர நிழலில் என் கணவரும், அவர் தோளில் மகளும், பக்கத்தில் அத்தையும் நின்றிருந்தார்கள். அத்தையின் கையில் மஞ்சள் பை. என் கால்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. பையைத் திறந்து உள்ளேயிருந்து என் பச்சை ஷூவை எடுத்தார்.

பிறகு விவரம் தெரிந்தது. எந்தக் கோயிலுக்குப் போனாலும் வீட்டார் எல்லோருடைய செருப்பையும் பையில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்வது அத்தையின் வழக்கம். திருவிழாவில் ஒருமுறை புதுச் செருப்பைத் தொலைத்திருக்கிறார். பந்தல் வாசலில் என் ஷூவைப் பார்த்ததும், இவ்வளவு நல்லதை இப்படியா விட்டுப்போவாள் என்று பத்திரமாக எடுத்துவைத்துவிட்டு, நான் சைக்கிளில் வருவதைப் பார்க்க வளைவுக்கு வந்துவிட்டார்கள். மிதித்துப் போகிறவளின் காலை யார் பார்ப்பார்கள்?

ஆனால் அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது இரண்டுதான். ஷூ அங்கே இருக்கிறது, வெளியாள் யாரும் உதவக் கூடாது என்பது விதி. அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஷூவை நீட்டியபடி என் கூடவே பத்தடி ஓடிவந்தார். நான் தலையை ஆட்டிவிட்டு ஓடினேன். சரியாகத்தான் செய்தேனா என்று எல்லைக்கோடு வரை சந்தேகம் இருந்தது.

இரண்டு மணி மூன்று நிமிடத்தில் முடித்தேன்.

மெடல் கொடுத்தார்கள், எல்லோருக்கும் கொடுப்பது. மகள் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, மூணு நிமிஷம் லேட் அத்தை, நாளையிலிருந்து தறிக்கு வந்துவிடுகிறேன் என்றேன். சொல்லும்போது குரல் நன்றாகத்தான் இருந்தது.

அத்தை குனிந்து என் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"எத்தினி நேரம் தேடின?"

"நாலு நிமிஷம்."

"ஷூவ எடுத்து வெச்சது நானு. அந்த நாலைக் கழிச்சிக்கோ."

"போட்டி நடத்துறவங்க கழிக்கமாட்டாங்க அத்தை."

"அவங்க கழிக்கலன்னா என்னா? உன் எடத்துல ஒக்காந்து நாடா எடுக்கப்போறது அவங்களா, நானா?"

என் கணவர் இந்த முறை தெளிவாகத் தலையாட்டினார்.

சித்திரையில் நீச்சல் குளத்தில் சேர்ந்தேன். காலை ஆறிலிருந்து ஏழு வரை பெண்களுக்கு. முதல் வாரம் கைப்பிடிக் கம்பியை விடவில்லை. இரண்டாம் வாரம் விட்டேன், உடனே பிடித்தேன். நீச்சல் உடையை வீட்டில் எங்கே உலர்த்துவது என்பது தனிக் கவலை. கடைசியில் அத்தையே அதை வாங்கிக் கொல்லைக் கொடியில் தன் புடவைக்குப் பின்னால் போட்டார்.

அமாவாசையன்று தறி ஓடாது. அன்று அத்தையும் மகளும் வேடிக்கை பார்க்கக் குளத்துக்கு வந்தார்கள். நான் கம்பியை விட்டு, முகத்தை முக்கி, அண்டாவில் எண்ணிய அதே இருபதை எண்ணிக்கொண்டே குளத்தின் அகலத்தைக் கடந்துவிட்டேன். எப்படிக் கடந்தேன் என்று தெரியவில்லை. எதிர்க்கரையில் தலையைத் தூக்கியதும் முதலில் மகளைத் தேடினேன். அத்தையின் மடியில் பத்திரமாக இருந்தாள். அடுத்து என் கண் வாசல் பக்கம் போனது. அங்கே என் செருப்பு விட்ட இடத்திலேயே கிடந்தது.

அத்தை அதைக் கவனித்துவிட்டார். மஞ்சள் பையைத் தலைகீழாகப் பிடித்து உதறிக் காட்டினார்.

"பாத்துக்கோ. நான் தொடல."