சீனியம்மாள் பெய்த மழை

எழுபத்தொன்றில் காளவாசல் சுப்பராமனைப் பேரையூருக்கு மாற்றியவர்கள் அவருக்குக் கொடுத்த முக்கியமான வேலை, பெய்யாத மழையை அளப்பது. தினமும் காலை எட்டரைக்கு அலுவலகத் தோட்டத்து மழைமானியைத் திறந்து, உள்ளே இருக்கும் பாட்டிலைப் பார்த்து, பூஜ்யம் என்று எழுதிவிட்டுக் காபி குடிக்கப் போவார். ஆனி, ஆடியில் மேற்கே மலைமேல் மேகம் குவியும். குவிந்து என்ன பிரயோஜனம்? இருப்பதையெல்லாம் அந்தப் பக்கம் மலையாளத்தில் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வெறும் காற்றாக இறங்கி வந்து சுப்பராமனின் வேட்டியைத் தூக்கும். இந்த மலைக்கு ஓரவஞ்சனை என்பது அவர் கட்சி.

எண்பத்திரண்டில் ஊர்க் கிணறெல்லாம் வறண்டுவிட்டது. ஜூலைக் கணக்கும் பூஜ்யமானால் பேரையூர் வறட்சிப் பட்டியலில் ஏறும். குடிதண்ணீர் லாரி வரும்.

மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை. ஞாயிறு வீட்டுக்குப் போய்விட்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவர் மழைமானியைத் திறந்தார். நாற்பது மில்லிமீட்டர்! தரை காய்ந்து கிடக்கிறதே என்று யோசிக்க வேண்டாமா? "பாட்டில் சொன்னதை எழுதறவன் நான்" என்று மார்தட்டியே பழகியவர். மேகம் ஒருவழியாக மலையைத் தாண்டிவிட்டது என்ற குஷியில் மதுரைக்குத் தந்தி அடித்துவிட்டார்.

டீக்கடை பால்பாண்டி முழித்தான். "மழையா? எந்த ஊர்லண்ணே?"

அலுவலகம் கூட்டும் சீனியம்மாள்தான் விஷயத்தை உடைத்தாள். "நாந்தேன்யா ஒரு செம்புத் தண்ணி ஊத்துனேன். அது இம்புட்டு நாளாத் தொண்டை காஞ்சு கெடந்தா எப்புடி மழையக் கூப்புடும்?"

சுப்பராமனின் ஜம்பத்தால் ஒரு ஊரே நாக்கு வறண்டு நிற்கப் போகிறது. அடுத்த பஸ்ஸிலேயே மதுரைக்குப் போய்ப் பெரிய அதிகாரி முன்னால் நின்றார்.

"தப்புப் பண்ணிட்டேன் சார். அது மழை இல்லை, செம்புத் தண்ணி."

மேஜைக்கு மேஜை சிரித்தார்கள். யார் ஊற்றியது என்று அதிகாரி மூன்று தரம் கேட்டார். சுப்பராமன் வாயே திறக்கவில்லை. அதிகாரி கணக்கைத் திருத்தினார்; கையோடு தண்டனைக்கும் குறிப்பு எழுதினார்.

பத்தாம் நாள் லாரி வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் பெய்து, பெரியாற்றுச் சுரங்கம் வழியாக வைகைக்கு வந்து சேர்ந்த தண்ணீர். அன்றைய தபாலில் சுப்பராமனுக்கு மெமோவும் வந்தது: கவனக்குறைவு, ஒரு வருஷத்துக்குச் சம்பள உயர்வு கிடையாது.

அதை அவர் படித்துக்கொண்டிருக்கும்போதே, நிறைகுடத்தை இடுப்பில் ஏந்திச் சீனியம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"பாத்தீகளாய்யா? ஒத்தச் செம்புக்கு ஒரு லாரித் தண்ணி! நீங்களும் இத்தன வருசமா அதத் தெறந்து தெறந்துதான் பாத்தீக, ஒரு வாய் ஊத்தணும்னு தோணுச்சா?"