நல்ல மண் என்று ஓர் அட்டை

எங்கள் காட்டில் முதலில் கெட்டது கிணறு, அப்புறம் மண். சர்க்கார் காகிதத்தில் மட்டும் அந்த மண் கடைசி வரை கெடாமல் இருந்தது. அந்தக் காகிதம் எப்படி வந்தது என்பது இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் என் மாமனார். அவர் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. இன்னொருத்தி நான்.

எழுபதுகளின் கடைசியில் திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து இளம்பிள்ளைப் பக்கம் வாக்கப்பட்டு வந்தேன். பதினொன்றாவது வரை படித்தவள். அந்த வீட்டில் அதற்கு முன் யாரும் அவ்வளவு தூரம் படித்ததில்லை. "எங்க மருமவ எழுதுனா அச்சடிச்ச மாதிரி இருக்கும்" என்று மாமனார் வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அதைக் கேட்டு எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

வீட்டுக்கு மூன்று ஏக்கர் காடு. எங்கள் பக்கம் விளைநிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். மேட்டுப் பக்கம் பாறையாகக் கிடந்த ஒரு துண்டை, நான் வருவதற்கு முன்பே ஒரு சாயப்பட்டறைக்காரருக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். சேலை நூலுக்குச் சாயம் போடுகிற பட்டறை. கழிவுத் தண்ணீரை விட ஒரு பெரிய குழி வெட்டி வைத்திருந்தார்கள். அந்தக் குழி ஒருநாளும் நிரம்பியதில்லை. எவ்வளவு ஊற்றினாலும் குடித்துவிடுகிறது என்று மாமனாருக்கு அதில் சந்தோஷம்கூட. குடித்ததெல்லாம் எங்கே போகிறது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

ஒரு கோடையில் மாடு, கிணற்றிலிருந்து இறைத்த தொட்டித் தண்ணீரில் வாயை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டது. அடுத்த வருடம் வெள்ளைத் துணி துவைத்தால் மங்கலாக ஒரு நிறம் ஏறியது. பயிர் வாடுகிறதே என்று அதே தண்ணீரைப் பாய்ச்சினோம். பாய்ச்சப் பாய்ச்ச மண்ணின் மேல் உப்புப் பூத்தது. நிலக்கடலை முளைத்து நாலு இலை விட்டுக் கருகிப்போகும். கடைசியில் பட்டறைக்காரரே ஒருநாள் வந்து, "இந்தத் தண்ணியில இப்பெல்லாம் சாயம் ஒட்ட மாட்டேங்குதுங்க" என்று சொல்லி, தொட்டிகளையும் அண்டாக்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மாமனார் அவரை ரோடு வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

அதற்கு அடுத்த வருடம்தான் விவசாய ஆபீசர் வந்தார். பட்டறைகளைச் சுற்றியிருந்த காடுகள் பலதும் எங்களுடையதைப் போலவே ஆகியிருந்தன. கெட்டுப்போன நிலத்தைத் திருத்துவதற்குச் சர்க்கார் பணம் ஒதுக்கியிருக்கிறது என்றார். உப்பை முறிக்க மண்ணில் போட ஜிப்சம் மூட்டை மானிய விலையில், பசுந்தாளாக மடக்கி உழத் தக்கைப்பூண்டு விதை சும்மா, உப்புத் தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டப் பேங்கில் குறைந்த வட்டிக்குக் கடன். இரண்டு மூன்று மழை பார்த்தால் கேழ்வரகாவது வரும் என்றார். கேழ்வரகு என்ற சொல்லைக் கேட்டதும் மாமனாரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவருக்கு அந்த மூன்று ஏக்கரைத் தவிர வேறு உலகம் கிடையாது. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டப் போனால் மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். காட்டோடு கிடந்தவர் மாமனார்தான்.

ஆபீசர் ஒரு துணிப்பையும் ஒரு சீட்டும் கொடுத்தார். காட்டில் பத்து இடத்தில் குழி பறித்து, மண் எடுத்துக் கலந்து, பையில் போட்டு வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வார். மண்ணைப் பார்த்துத்தான் மானியம் என்று சொல்லிவிட்டு அடுத்த காட்டுக்குப் போனார்.

மாமனார் சந்தைக்கு மாடு ஓட்டிப் போகிற அன்றைக்குக் கொம்பைச் சீவி எண்ணெய் தடவி, வாலைக் கழுவிவிட்டுத்தான் கயிற்றைப் பிடிப்பார். காய்கறிக் கூடையில் நல்லதை மேலே அடுக்குவார். அதை அவர் ஏமாற்று என்று நினைத்ததே இல்லை, மரியாதை என்று நினைத்தார். வெள்ளிக்கிழமை காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவர் காட்டுக்குள் இறங்கவில்லை. தொழுவத்தை ஒட்டி, எருக்குழிக்குப் பக்கத்தில் பூசணிக்கொடி போட்டிருந்த மூலைக்குப் போனார். கிணற்றுத் தண்ணீர் படாத மூலை அது. கொடிக்கு நான் வீட்டுக் குடத்திலிருந்துதான் ஊற்றுவேன்.

"மாமா, ஆபீசர் காட்டுக்குள்ள எடுக்கச் சொன்னாருங்க" என்றேன்.

"நம்ம மண்ணு நாலு பேரு பாக்கற எடத்துக்குப் போவுது சாமி. உப்புப் பூத்ததையா கட்டி அனுப்பறது? நல்ல மண்ணாப் பாத்தாத்தான் குடுக்கறவனுக்கும் குடுக்கோணும்னு தோணும்" என்றார்.

நோயைக் காட்டத்தான் இந்த மண் போகிறது என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் எதற்கு? ஆனால் நான் மறுபடி வாய் திறக்கவில்லை. மாமனார் பேச்சுக்கு மறுபேச்சு பேசினாள் என்ற பெயர் வேண்டாம் என்று ஒரு பக்கம். அவர் சொல்வது போல் நடந்துவிட்டாலும் நடந்துவிடும் என்ற நப்பாசை இன்னொரு பக்கம். அதோடு விட்டேனா? அந்த மண்ணை முறத்தில் போட்டுக் கல்லும் வேரும் பொறுக்கி, சல்லடையில் சலித்து, மாவு மாதிரி பையில் போட்டுக் கொடுத்தேன். சீட்டில் ஊர், சர்வே நம்பர், பெயர் எல்லாம் என் கையால் எழுதினேன். எழுத்து முத்துமுத்தாக விழுந்திருக்கிறது என்று எனக்கே பெருமையாக இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

பக்கத்துக் காட்டுக்காரர் நடுக்காட்டில் வெள்ளை பூத்த இடமாகப் பார்த்துத் தோண்டிப் பையை நிறைத்தார். "பிச்சைக்காரன் புண்ணக் காட்டற மாதிரி காட்டறானே" என்று மாமனார் சிரித்தார்.

இரண்டு மாதம் கழித்து மண் பரிசோதனை அட்டை வந்தது. நான் எழுதிய சீட்டையும் அதன் மேலேயே குத்தி அனுப்பியிருந்தார்கள். படித்துக் காட்டினேன். நல்ல மண், எல்லாப் பயிருக்கும் ஏற்றது, சீர்திருத்தம் எதுவும் தேவையில்லை. மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். சொந்தக்காரர்கள் வந்தால் எடுத்துக் காட்டுவார். வெளியே காடு வெள்ளையாகக் கிடக்கும், உள்ளே அட்டை கை மாறும்.

மானியப் பட்டியலில் எங்கள் பெயர் இல்லை. மாமனாரோடு நானும் விவசாய டிப்போவுக்குப் போனேன். ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் ஜிப்சம் வாங்க நின்றிருந்தார்கள்.

"பெரியவரே, இது கெட்டுப்போன நெலத்துக்குக் குடுக்கற பணம். உங்க மண்ணு நல்ல மண்ணுன்னு வந்திருக்குதே, எப்படிங்க குடுக்கறது?" என்றார் ஆபீசர். அவர் கெட்ட மனிதர் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "சந்தேகமா இருந்தாச் சொல்லுங்க, நானே வந்து இன்னொருக்கா மண்ணெடுக்கறேன்" என்றும் சொன்னார்.

வரிசையில் நின்ற அத்தனை பேரும் எங்களைப் பார்த்தார்கள். மாமனார் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு, "வேண்டாமுங்க. எம்பட மண்ணு நல்ல மண்ணுதானுங்க" என்றார். ஆபீசர் என்னைப் பார்த்தார். நான் அங்கே அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்தேன். நாங்கள் வெறுங்கையோடு பஸ் ஏறினோம்.

மூன்றாவது மழையில் பக்கத்துக் காட்டில் கேழ்வரகு வந்தது. அரைகுறையாகத்தான், ஆனாலும் பச்சை. மாமனார் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். என் வீட்டுக்காரர் போர்வெல் ரிக்கு லாரியில் ஒரு பங்கு வாங்க வேண்டும், காட்டை விற்றுவிடலாம் என்றார். மாமனார் தடுக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

உள்ளூரில் அந்தக் காட்டை யார் வாங்குவார்? ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து புருசனும் பெண்டாட்டியுமாக ஒரு குடும்பம் வந்தது. அங்கே இருந்த கொஞ்சத்தை விற்றுவிட்டு, எங்கள் பக்கம் தறி வேலையும் கிடைக்கும் என்று வந்தவர்கள். வெள்ளை பூத்திருப்பதைப் பார்த்து அந்த மனிதர் தயங்கினார். என் வீட்டுக்காரர் படத்துக்குப் பின்னாலிருந்து அட்டையை எடுத்து வந்தார். அது எந்த மண்ணின் அட்டை என்று அவருக்குத் தெரியாது. நாங்கள் சொன்னதில்லை. சர்க்கார் முத்திரையைப் பார்த்த பிறகு அந்த மனிதர் அட்வான்ஸ் கொடுத்தார். பத்திரத்தோடு அட்டையும் அவர்களிடம் போனது.

இரண்டு வருடம் போயிருக்கும். ஒரு மத்தியானம் காட்டை வாங்கிய அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் வயதுதான் இருக்கும். கையில் அந்த அட்டை. மாமனார் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, கெட்டுப்போன நெலத்துக்கு மறுபடியும் மானியம் குடுக்கறாங்களாம். எங்க நெலத்துக்குக் கெடைக்குமா? எனக்குப் படிக்கத் தெரியாது. இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

நடுக்காட்டில் பத்து இடத்தில் தோண்டிப் புதிதாக மண் கொடு, இந்த அட்டையைத் தூக்கி அடுப்பில் போடு. இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. அதைச் சொன்னால் அடுத்த கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். விற்ற பணமெல்லாம் ரிக்கு லாரியாகி எங்கேயோ பூமியைத் துளைத்துக்கொண்டிருந்தது. கட்டிலில் இருந்தவர் தலையைத் தூக்கவில்லை.

அட்டையில் இருந்ததை ஓர் எழுத்து விடாமல் படித்தேன்.

"அப்ப எங்களுக்குக் கெடைக்காதா அக்கா?"

"நல்ல மண்ணுன்னு போட்டிருக்குதுங்க. கெடைக்காதுங்க" என்றேன்.

"ரெண்டு வருசமா ஒண்ணுமே வரலக்கா. எங்க கையிலதான் ஏதோ கோளாறு. எங்க வீட்டுக்காரரும் அதான் சொல்றாரு, நான் வெதச்சா வெளங்காதாம்" என்று சொல்லி அட்டையை வாங்கிக்கொண்டாள். அதன் மேல் குத்தியிருந்த சீட்டை விரலால் தடவினாள்.

"எழுத்து எவ்வளவு அழகா இருக்கு. அச்சடிச்ச மாதிரி" என்றாள்.

அது நான் எழுதியது என்று அவளிடம் சொல்லவில்லை.